வாய் திறவாத் தீர்ப்பு

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பல்கலைக்கழகத்திற் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு மாணவரை அழைத்து, ஆண்டு விழா மேடையில் ஏற்றி, "உமக்கு விருப்பமான பொருளைப் பற்றிப் பேசும்" என்று விட்டுவிடுவது துணிவான செயலேயாகும். அத்துணிவைக் காட்டிய மன்றத்தாருக்கு முதற்கண் எமது நன்றி. நாம் பேசவிருக்கும் பொருள் இன்னதென்று காரியதரிசி அவர்களிடம் கூறியபோது, அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவருடைய இடப் புருவம் மட்டும் ஒரு விரற்கடை மேலே சென்று, சற்றே அங்கு நின்று, பின்னர் இறங்கியது. "ஐயா, நாம் பேச எண்ணிய பொருள் இப்பொழுது உங்கள் முகத்திற் தோன்றி மறைந்ததே, அதுதான்" என்றோம். அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பின் துணையோடுதான் இங்கே நிற்கின்றோம்.

வாயினால் ஒரு சொல்லும் கூறாது, புருவத்தாலும் கண்ணாலும் மூக்காலும் உதட்டாலும் "நம்பவில்லை" என்றும் "எனக்கு இது பிடிக்கவில்லை" என்றும் கூறிவிடுகின்ற முகக்குறிப்புக்களே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது மிகச் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு நாளில் நாம் பெறுகின்ற தீர்ப்புக்களுட் பெரும்பாலானவை எழுத்திலும் பேச்சிலும் வருவனவல்ல. அவை எதிரே நிற்பவர் முகத்தில் வருவன. நாம் பிறருக்கு வழங்குந் தீர்ப்புக்களும் அவ்வாறே. ஆதலின் இப்பொருளைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திப்பது வீண்போகாது என்பது எமது நம்பிக்கை.

முதலில் எமது மொழியை நோக்குவோம். முகஞ்சுளித்தல், புருவம் நெரித்தல், நெற்றி சுருக்குதல், உதடு பிதுக்குதல், வாய் கோணுதல், பழிப்புக் காட்டுதல், கடைக்கண்ணாற் பார்த்தல், முகத்தை நீட்டிக்கொண்டிருத்தல், முகவாயைத் தோளில் இடித்தல், முகங்கொடாதிருத்தல் என்று எத்தனை வழக்குகள்! இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளைத் தருவன. உதடு பிதுக்குபவர் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்கிறார். நெற்றி சுருக்குபவர் "எனக்கு விளங்கவில்லை" என்கிறார். முகங்கொடாதிருப்பவரோ "நீ இருப்பதையே நான் ஏற்கவில்லை" என்கிறார். இத்துணை நுட்பமான வேறுபாடுகளுக்குத் தனித்தனிச் சொற்களைப் படைத்து வைத்திருக்கும் ஒரு சமுதாயம், இக்குறிப்புக்களை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்!

கவனித்தது மட்டுமன்று, பயன்படுத்தியும் இருக்கிறது. எங்கள் சந்தைகளிலே கத்தரிக்காய் விலை கேட்கும் தாய்மாரைப் பாருங்கள். விலையைக் கேட்டவுடன் அவர்கள் வாதாடுவதில்லை. கையில் எடுத்த காயை ஒருமுறை திருப்பிப் பார்த்து, உதட்டைச் சற்றே பிதுக்கி, மெல்ல மீண்டும் கூடையில் வைப்பார்கள். அவ்வளவுதான், விலை தானாக இறங்கும். வீட்டிலே ஆச்சி ஒரு கரண்டி குழம்பை உள்ளங்கையில் விட்டுச் சுவைத்துவிட்டு, இடது கண்ணைச் சிறிது சுருக்கினால், உப்புக் கூடிவிட்டது என்பது அடுப்படியில் நிற்கும் அனைவருக்கும் விளங்கிவிடும். இவற்றில் யாருக்கும் தீங்கில்லை. இவை வாழ்க்கைக்கு உப்புப் போன்றவை.

எமது முன்னோர் இதனை ஒரு கல்வியாகவே வகுத்தனர். தொல்காப்பியர் தம் நூலின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓரியலை அமைத்து, உள்ளத்து உணர்ச்சி உடலிலே வெளிப்படுமாற்றை எண்வகையாக்கினார். அவற்றுள் இளிவரலும் ஒன்று. சிரிப்புத் தோன்றும் நான்கு காரணங்களைக் கூறுமிடத்து எள்ளலையும் ஒரு காரணமாகச் சேர்த்தார். சிரிப்பெல்லாம் மகிழ்ச்சியன்று, ஏளனமும் சிரிப்பாக வெளிவரும் என்பதை அவர் அறிந்திருந்தார். வடமொழியிலே பரதமுனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரம் இன்னும் ஒருபடி மேலே சென்று, நோக்கு 36 வகை, புருவத்தின் தொழில் 7, மூக்கின் தொழில் 6, கீழுதட்டின் தொழில் 6 எனக் கணக்கிட்டுக் கூறுகின்றது. மூக்கைச் சுருக்குதல் அருவருப்பைக் காட்டுதற்கு உரியது என்றும் அது வகுத்துள்ளது. மேடையில் ஆடுவோர் பல ஆண்டுகள் பயின்று பெறும் இக்கலையை, நாமெல்லாம் எவ்விதப் பயிற்சியுமின்றி வீட்டிலும் வீதியிலும் நாள்தோறும் அரங்கேற்றிக்கொண்டிருக்கிறோம்.

வள்ளுவப் பெருந்தகை குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் செய்தார். ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலர்க்கு. அரசனுக்கு முன்னிற்கும் அமைச்சனுக்கும், காதலிக்கு முன்னிற்கும் காதலனுக்கும் ஒரே கல்வி வேண்டும் என்று அவர் கண்டது வியக்கத்தக்கதன்றோ? விருந்தோம்பலைக் கூறும்போதும், மோந்தால் வாடும் அனிச்சத்திலும் விருந்தினர் மென்மையானவர், முகம் வேறுபடப் பார்த்த அளவிலேயே வாடிவிடுவர் என்னும் கருத்தை அமைத்தார். சோறு குறைந்தது என்றோ, சொல் கடுத்தது என்றோ அவர் கூறவில்லை. முகம் மாறியதையே குற்றமாகக் கூறினார். இதனை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

மேனாட்டில் இத்துறையை விஞ்ஞான முறையில் ஆராய்ந்த பெருமை சாள்ஸ் டார்வினுக்கு உரியது. உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி எழுதிய அதே டார்வின்தான். 1867இல் அவர் 16 வினாக்கள் கொண்ட ஒரு பத்திரத்தை அச்சிட்டு உலகின் பல பாகங்களிலும் வாழ்ந்தோருக்கு அனுப்பினார். இகழும்போது அங்குள்ள மக்கள் மூக்கை உயர்த்துகிறார்களா, அருவருக்கும்போது உதடு எவ்வாறு அமைகிறது, சம்மதிக்கும்போது தலை மேலுங் கீழும் அசைகிறதா, குழந்தைகள் கோபித்துக்கொண்டால் உதட்டை நீட்டுகிறார்களா என்றெல்லாம் கேட்டார். 36 பேர் விடையளித்தனர். அவர்களுட் பலர் கிறித்தவ மிசனரிமார். எமது இலங்கையிலிருந்தும் கிளெனி என்னும் பாதிரியார் சில வினாக்களுக்கு விடை அனுப்பினார் என்று டார்வின் தமது நூலிலே குறிப்பிட்டிருக்கிறார். மிசன் பாடசாலையிலே படித்த எமக்கு இதனை வாசித்தபோது ஒரு சிரிப்பு வந்தது. நாம் படித்த காலத்தில் மாணவர் ஆசிரியரின் முகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தோம். அக்காலத்திலோ பாதிரிமார் எங்கள் பாட்டன்மாரின் முகத்தை ஆராய்ந்திருக்கிறார்கள்!

அவ்விடைகளையும் தமது சொந்த ஆராய்ச்சியையும் கொண்டு 1872இல் டார்வின் தமது நூலை வெளியிட்டார். புருவ நெரிப்பைப் பற்றி அவர் கூறுவது சுவையானது. ஒருவர் எவ்வளவு ஆழ்ந்து சிந்தித்தாலும் அவருடைய நெற்றி அமைதியாகவே இருக்கும். சிந்தனைப் பாதையில் ஒரு தடை குறுக்கிட்டால்தான் புருவம் நெரியும் என்கிறார் அவர். ஆகவே புருவ நெரிப்பு வெறுப்பின் அடையாளம் மட்டுமன்று, இடர்ப்பாட்டின் அடையாளம். கணக்கிலே ஒரு படி பிழைத்தாலும், உணவிலே ஒரு சுவை கெட்டாலும், எதிரே வெயில் அடித்தாலும் அதே தசைதான் சுருங்குகிறது. குழந்தை வீரிட்டு அழும்போது கண்ணைப் பாதுகாக்கச் சுருங்கிய தசையே, வளர்ந்தபின் மனத்துக்கு ஒவ்வாத எதனைக் கண்டாலும் சுருங்கப் பழகிவிட்டது என்பது அவர் கொண்ட முடிவு.

அண்மைக் காலத்திலும் இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. போல் எக்மன், பிறீசன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1986இல், உதட்டின் ஒரு பக்க மூலை மட்டும் இறுகி மேலெழும் குறிப்பை மேற்குச் சுமாத்திரா உட்படப் பல நாட்டு மக்களும் இகழ்ச்சி என்றே அறிந்துகொண்டனர் என எழுதினர். 2016இல் ஒகாயோ அரசப் பல்கலைக்கழகத்தார், ஆங்கிலம், இசுப்பானியம், சீனத்து மண்டரின், அமெரிக்கச் சைகைமொழி ஆகியவற்றைப் பேசும் 158 மாணவரின் முகங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தனர். மறுப்புக் கூறும்போது நால்வகை மொழியினரிடத்தும் ஒரே முகம் தோன்றியது: புருவம் நெரிந்து, உதடு இறுகி, முகவாய் சற்றே மேலெழுந்த முகம். சைகைமொழி பேசுவோரிடத்தில் மற்றொரு புதுமையும் காணப்பட்டது. சிலவேளைகளில் அவர்கள் "இல்லை" என்பதற்குரிய கைச்சைகையைக் காட்டாமல், அந்த முகத்தை மட்டுமே காட்டி மறுத்தனர். முகமே அங்கு இலக்கணமாகிவிட்டது.

ஆனால் எல்லாக் குறிப்புக்களும் எல்லா நாட்டுக்கும் பொதுவானவை என எண்ணிவிடலாகாது. நாம் "ஓம்" என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதைக் காணும் மேனாட்டவர், நாம் மறுக்கிறோமோ என்று திகைக்கிறார். கிரேக்கரும் துருக்கியரும் புருவத்தை உயர்த்தித் தலையைப் பின்னே எறிந்தால் அதற்கு "இல்லை" என்பது பொருள். பல்கேரியாவிலே மேலுங் கீழும் தலையசைப்பதே மறுப்பாகும். ஆகவே பிறர் முகத்தை வாசிப்பது, பிறமொழிப் புத்தகத்தை வாசிப்பது போன்றது. எழுத்துத் தெரிந்துவிட்டது என்பதால் பொருளும் தெரிந்துவிட்டது எனக் கொள்ளலாகாது.

அன்பர்களே, இதுவரை கூறியது நூல்களிற் கற்றது. இனிக் கூறவிருப்பது வாழ்க்கையிற் கற்றது.

முகம் காட்டும் மறுப்பிலே இரண்டு வகை உண்டு என்பது எமது கருத்து. ஒன்று ஐயம், மற்றையது இகழ்ச்சி. இரண்டும் அயல்வீட்டுப் பிள்ளைகள் போல ஒரே சாயலாகத் தோன்றும். ஆனால் ஐயங்கொண்ட முகம் "இன்னுஞ் சொல்" என்கிறது. இகழும் முகம் "போதும், நிறுத்து" என்கிறது. ஐயங்கொண்ட முகம் கருத்தைப் பார்க்கிறது. இகழும் முகம் ஆளைப் பார்க்கிறது. முதலாவது இல்லாமற் கல்வி இல்லை. 2020ஆம் ஆண்டிற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, கைத்தொலைபேசியிற் பாடம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எமது கணித ஆசிரியர் ஒருநாள் பாடத்தை இடையிலே நிறுத்தி, "பிள்ளையள், உங்கடை முகத்தைக் காணாமல் எனக்குப் படிப்பிக்கத் தெரியேல்லை" என்றார். முப்பது மாணவரின் நெற்றிச் சுருக்கமே அவருக்கு வழிகாட்டியாக இருந்திருக்கிறது. எந்தப் படியில் விளங்கவில்லை என்பதை அதைக் கொண்டே அவர் அறிந்து, அப்படியை மீண்டும் விளக்கி வந்திருக்கிறார். பாடசாலை மீண்டும் திறந்தபோது யாவரும் முகக்கவசம் அணிந்திருந்தோம். வாயும் மூக்கும் மறைந்துபோயின. ஆயினும் புருவம் தெரிந்தது. "இனிப் பிழையில்லை" என்றார் ஆசிரியர்.

ஐயத்தின் முகத்துக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதனை இகழ்ச்சி என்று தவறாகக் கொண்டு அஞ்சுபவர் பலர். அவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம். எமக்குப் பதின்மூன்று வயதிருக்கும். பாடசாலை மண்டபத்திற் பேச்சுப் போட்டி. மேற்குப் பக்கத்திலே பெரிய யன்னல்கள். மாலை நேரம். முன்வரிசையில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நாம் பேசத் தொடங்கிய நேரத்திலிருந்து அவருடைய புருவம் நெரிந்தபடியே இருந்தது. உதடும் ஒரு பக்கம் கோணியிருந்தது. எமது பேச்சு அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை என்று எண்ணினோம். நாக்கு உலர்ந்தது. மனப்பாடஞ் செய்திருந்த பேச்சிற் பாதியை விழுங்கிவிட்டு, வணக்கம் கூறி இறங்கிவிட்டோம். அதற்குப் பின்னர் நெடுநாள் மேடைப் பக்கம் போகவில்லை.

ஒரு கிழமைக்குப் பின்னர் அப்பெரியவர் வீதியில் எம்மைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். "தம்பி, நல்லாப் பேசினீர். ஏன் பாதியிலை நிப்பாட்டினனீர்? எனக்கு வெயில் கண்ணிலை அடிச்சு உம்மடை முகத்தைக் கூட வடிவாப் பாக்கேலாமற் போச்சு" என்றார். வெயிலுக்குச் சுருங்கிய புருவத்தை நாம் வெறுப்பு என்று வாசித்துவிட்டோம். டார்வின் கூறிய அதே தசை! அதனை அன்று அறிந்திருந்தால் எமது பேச்சின் மறுபாதியும் அவையேறியிருக்கும். 2019இல் அறிஞர் ஐவர் இத்துறையின் ஆராய்ச்சிகளை ஒருங்கே தொகுத்து நோக்கி, முகத்தின் அசைவை மட்டும் கொண்டு ஒருவர் உள்ளத்து உணர்ச்சி இதுவெனத் துணிந்து கூறமுடியாது என்று எழுதினர். சினங்கொண்டவர் பலர் முகத்தைச் சுளிப்பதில்லை. முகத்தைச் சுளிப்பவர் பலர் சினங்கொண்டவருமல்லர். எங்கள் ஊர்ப் பெரியவர் அதனை எமக்கு ஓர் ஒழுங்கை முகப்பிலேயே கற்பித்துவிட்டார்.

இனி இகழ்ச்சிக்கு வருவோம். இதனைப் பற்றிப் பேசும்போது எமது குரல் சற்றுத் தாழ்ந்தால் மன்னியுங்கள்.

டார்வின் தமது நூலில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியரா டெல் பியூகோவிலே அவர் தங்கியிருந்தபோது, பதஞ்செய்த குளிர்ந்த இறைச்சியை உண்டுகொண்டிருந்தார். அந்நாட்டவர் ஒருவர் வந்து அதனை விரலாற் தொட்டுப் பார்த்தார். அதன் மென்மையைக் கண்டு அருவருத்து முகத்தைச் சுளித்தார். அதேவேளையில் டார்வினுக்கும் அருவருப்பு உண்டாயிற்று. தமது உணவை அந்த மனிதர் தொட்டுவிட்டாரே என்று. ஆனால் அவர் கைகள் அழுக்காகத் தோன்றவில்லை என்று டார்வினே ஒப்புக்கொள்கிறார். இருவர், ஒரு துண்டு இறைச்சி, இரண்டு முகச்சுளிப்புக்கள். அழுக்கோ எங்கும் இல்லை. தம் உள்ளத்திலே தோன்றிய அந்தக் காரணமற்ற அருவருப்பை மறைக்காது எழுதிவைத்த அந்த நேர்மைக்காகவே டார்வினை நாம் போற்றுகிறோம்.

இது எங்கோ நடந்த கதை என்று எண்ணவேண்டாம். எங்கள் பாட்டன்மார் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளிலே சிலருக்கு வேறு பாத்திரத்திற் தேநீர் கொடுக்கும் வழக்கம் இருந்ததை இங்குள்ள பெரியோர் அறிவர். 1957இல் இந்நாட்டிற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கடையிலும் பாடசாலையிலும் வழிபாட்டிடத்திலும் ஒருவரைச் சாதியின் பெயரால் தடுப்பது குற்றமாயிற்று. சட்டத்தோடு பலரின் போராட்டமும் தியாகமுஞ் சேர்ந்து, வேறு பாத்திரங்கள் மறைந்தன. நல்லது. ஆனால் சட்டம் கையைத் தடுக்கும், வாயைத் தடுக்கும். புருவத்தைத் தடுக்கும் சட்டத்தை எந்தப் பாராளுமன்றத்தாலும் இயற்ற முடியாது. பாத்திரம் ஒன்றாகிவிட்ட பின்னும், அதனை நீட்டுபவரின் மூக்கும் உதடும் பழைய பாடத்தையே ஒப்புவிக்கலாம்.

சொல்லுக்கு மறுமொழி உண்டு. முகத்துக்கு மறுமொழி இல்லை. ஒருவர் எம்மை இழித்துப் பேசினால், "ஏன் அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்கலாம், நாலுபேரிடம் முறையிடலாம், வழக்குத் தொடுக்கலாம். முகத்தைச் சுளித்தவரிடம் என்ன கேட்பது? "நான் ஒன்றுஞ் சொல்லவில்லையே" என்பார். அது உண்மையுங்கூட. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஒரு சொல்லும் பேச இடங்கொடாத நீதிமன்றம் எவ்வளவு கொடியதோ, இகழும் முகமும் அவ்வளவு கொடியது.

இதனை எமக்குக் கற்பித்தவர் ஒரு தாய். நாமும் நண்பர் சிலரும் விடுமுறைக் காலத்தில் ஊரிலே மாலை வகுப்பு நடத்திவந்தோம். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வருவான். கூலிவேலை செய்யும் தாயின் ஒரே மகன். கணக்கிற் படுகெட்டிக்காரன். பனங்கிழங்குக் காலம். ஒருநாள் அவன் தன் காற்சட்டைப் பையிலிருந்து அவித்த கிழங்கொன்றை எடுத்துத் தோலுரித்து, தும்பு நீக்கி, முறித்து, "அண்ணை, இந்தாங்கோ" என்று ஒரு பாதியை நீட்டினான். "வேண்டாம் தம்பி, பசிக்கேல்லை" என்றோம். அன்பாகவே சொன்னோம். இன்றும் அந்தச் சொற்களில் ஒரு பிழையும் எமக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் வரவில்லை.

காய்ச்சலோ என்று எண்ணி அவன் வீட்டுக்குச் சென்றோம். தாயார் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்தார். பையன் ஏன் வரவில்லை என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நீங்கள் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லையாம் தம்பி. அவன் கிழங்கை நீட்டேக்கை முகத்தைத்தான் சுளிச்சனீங்களாம்" என்றார்.

"இல்லை அக்கா" என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்ல முடியவில்லை. ஏனெனில் எமது முகத்தை நாம் பார்க்கவில்லை, அவன் பார்த்திருந்தான். காற்சட்டைப் பையில் இருந்த கிழங்கு என்பதற்காகச் சுளித்தோமா, அல்லது எமது பாட்டன்மார் முகத்திலிருந்து எமது முகத்துக்கு இறங்கிவந்த வேறொன்று அங்கே தோன்றியதா? அன்று இரவு முழுவதும் சிந்தித்தும் எமக்கு விடை தெரியவில்லை. தெரியாமல் இருந்ததே எம்மை அதிகம் வருத்தியது.

அத்தாய் எம்மைத் திண்ணையில் இருத்தி, வெறுந்தேநீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து தந்தார். கதவின் பின்னே சிறுவன் நின்றான். அவன் தேநீரைப் பார்க்கவில்லை. எமது முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தேநீர் நாக்கைச் சுட்டது. ஆயினும் ஒரு தசையும் அசையாமற் குடித்து முடித்தோம். எமது வாழ்நாளில் எழுதிய எந்தப் பரீட்சையும் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. மறுநாள் அவன் வகுப்புக்கு வந்தான். அதன்பின் ஒருநாளும் தவறவில்லை. ஆனால் அவன் எமக்கு மீண்டும் ஒன்றும் நீட்டவில்லை. விருந்தினர் வாடுவதைப் பற்றி வள்ளுவர் கூறியதை நாம் பரீட்சைக்காகப் பலமுறை எழுதியிருக்கிறோம். உணவை நீட்டுபவரும் அவ்வாறே வாடுவர் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அன்பர்களே, எமது முகத்தை எம்மாற் பார்க்க முடியாது என்பதே இப்பொருளின் சாரம். உலகம் முழுவதும் பார்க்கும் ஒன்றை, அதனை உடையவர் மட்டும் காணாதிருக்கிறார். கண்ணாடி முன் நிற்கும்போது நாம் காண்பது அந்த முகமன்று. கண்ணாடி முன் யாரும் பிறரை இகழ்ந்துகொண்டு நிற்பதில்லை. ஆதலால் முகத்தை ஒழுங்குபடுத்துவோம் என்று நடிக்கப் பழகுவதாற் பயனில்லை. முகம் உள்ளத்தின் வேலைக்காரன். உள்ளம் திருந்தினால் அது தானே திருந்தும். அதுவரையில், எம்முகத்தைக் கண்டவர் என்ன கண்டார் என்பதைக் கேட்கவும், அவர் கூறுவதை நம்பவும் நாம் பழகவேண்டும்.

பெரியோர்களுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். இளைஞர் ஒரு திட்டத்தோடு உங்கள் முன் வருவர். வாசிகசாலையைத் திருத்துவோம் என்பர். இரத்ததான முகாம் நடத்துவோம் என்பர். உங்களுக்கு ஐயம் இருக்கலாம். அது உங்கள் அனுபவத்தின் பயன். அந்த ஐயத்தை உதட்டில் வைத்திராது வாயினாற் கூறுங்கள். "பணத்துக்கு என்ன வழி? பொறுப்பெடுப்பவர் யார்? போன முறை தொடங்கியது ஏன் நின்றது?" என்று கேளுங்கள். அவ்வினாக்களுக்கு நாங்கள் விடை தேடுவோம். விடை கிடையாவிட்டால் திட்டத்தை மாற்றுவோம். பிதுக்கிய உதட்டுக்கு விடை தேட எங்களுக்குத் தெரியாது. எத்தனையோ நல்ல முயற்சிகள் எதிர்ப்பினால் அழியவில்லை. ஒருவரும் எதிர்க்காமல், ஒருவரும் பேசாமல், முகங்களைப் பார்த்தே அழிந்துபோயின.

என்னையொத்த இளைஞர்களுக்கும் ஒன்று கூறவேண்டும். பெரியோர் முகத்திற் காணும் ஒவ்வொரு சுருக்கமும் எதிர்ப்பன்று. சில, கண்பார்வைக் குறைவு, சில, காது மந்தம், சில, வெயில், சில, உண்மையான அக்கறை. ஐயமிருந்தால் அருகே சென்று கேட்போம். மேலும் எங்கள் முகங்களும் குற்றமற்றவையல்ல. பெரியவர் ஒருவர் பழங்கதை ஒன்றை இரண்டாம் முறை சொல்லத் தொடங்கும்போது, நாங்கள் ஒருவரையொருவர் பார்த்து உதட்டின் ஒரு மூலையால் நகைக்கிறோமே, அதனை அவர் காணவில்லை என்றா எண்ணுகிறீர்கள்? அவர் காண்கிறார். கதையைச் சுருக்கி முடித்துக்கொள்கிறார். அடுத்த முறை அக்கதை எங்களுக்குக் கிடைப்பதில்லை. அதனோடு ஓர் ஊரின் வரலாறும் போய்விடுகிறது.

எல்லோர்க்கும் பொதுவாக ஒன்று. எம்மினும் எளியவர் எமக்கு ஒன்றை நீட்டும்போது, அது ஒரு பாதிக் கிழங்காயினும், ஒரு கோப்பைத் தேநீராயினும், ஒரு கருத்தாயினும், முதலில் அவர் பார்ப்பது எமது கையையன்று, முகத்தையே. அந்த ஒரு கணத்தில் அவருக்குத் தீர்ப்புக் கிடைத்துவிடுகிறது. மேன்முறையீடு இல்லாத தீர்ப்பு ஆதலின், அதனை வழங்குவதில் நாம் அஞ்சி நடப்போமாக.

நேரம் கடந்துவிட்டது என்பது தலைவர் அவர்களின் புருவத்திலிருந்து தெரிகிறது. அவர் வாய்திறந்து ஒன்றுஞ் சொல்லவில்லை. ஆயினும் எமக்கு விளங்கிவிட்டது. இந்த மண்டபத்திலே யன்னல்கள் மூடியிருக்கின்றன. வெயிலைக் குற்றஞ்சொல்ல இயலாது. ஆகவே நெற்றி சுருங்கியிருக்கும் அன்பர்கள் எவராயினும், கூட்டம் முடிந்ததும் எம்மிடம் வந்து தங்கள் ஐயத்தை வாய்திறந்து கேட்பார்களானால், அதனையே இவ்வுரைக்குக் கிடைத்த பரிசாகக் கொள்வோம்.